கப்பல் நேரம்

பதினான்கு என்று எழுதிய வட்ட வில்லையைச்
சட்டைப்பைமேல் ஒட்டிக்கொண்டு
பேருந்து வரிசையில் நின்றார் மனோகரன்.
தலைக்குத் தொண்ணூற்றைந்து டாலர்,
சாப்பாடும் குளிர்நீரும் அதற்குள் அடக்கம்.
"எதுக்கு வம்பு?" என்றார்.
முப்பத்தோரு வருடமாக
அவர் அகராதியில் வம்பு என்றால் நான்தான்.

நேற்றிரவு மேல்தளத்தில் கணக்குப் போட்டோம்.
வங்கியில் அதையே செய்து ஓய்வு பெற்றவள்,
காகிதக் கைக்குட்டையில் கூட்டிக் காட்டினேன்:
டாக்சி இரண்டாயிரம், தேநீர் நாற்பது,
மிச்சத்தில் ஒரு பட்டுப்புடவை.
அவர் கூட்டலைப் பார்க்கவேயில்லை.
கப்பல் தன் பேருந்துக்குக் காத்திருக்கும்,
தனியே போனவளுக்குக் காத்திருக்காது என்றார்.
அந்த வரியை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

பச்சைக் கேட்டுக்கு வெளியே
கறுப்பு மஞ்சள் டாக்சி.
என் இந்தியும் ஓட்டுநரின் இந்தியும்
ஒன்றன் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு
நொண்டி நொண்டிப் பேரம் பேசின.
மசூதி பந்தர் தாண்டும்போது அவருக்குப் போன்:
"ஏட்டி, சிலிண்டர்காரன் வந்தானா, இல்லியா?"
எசக்கியப்பன். ஆண்டாப் ஹில்.
மொதல்லயே தமிழ்ல பேசியிருந்தா
நூறு கொறச்சிருப்பேனே என்றார்.
அதன்பிறகும் குறைக்கவில்லை.

"பூநாரை பாக்கணும்."
"பாக்கலாம்மா. கடல் எறங்கணும்."

இறங்கவில்லை.
சிவ்ரியில் சேறெல்லாம் தண்ணீர்.
சாயம் உரிந்த படகொன்று சாய்ந்து கிடந்தது.
காத்திருந்தோம். அவர் இரண்டு பீடி, நான் ஒரு தேநீர்,
பிறகு இன்னொரு தேநீர்.
வெகுதூரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு,
பறவையாகவும் இருக்கலாம்,
பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம்.
"அதான்" என்றார் எசக்கியப்பன்
என் முகத்தைப் பார்க்காமல்.
மிளகாய்த்தூள் போட்ட கொய்யா வாங்கிக்கொண்டு
திரும்பினோம்.

என் கையில் கப்பல் நேரம்,
இன்னும் துபாயைக் கழற்றாத நேரம்.
டாக்சியின் பிள்ளையார் பக்கத்தில் பம்பாய் நேரம்.
நடுவே ஒன்றரை மணி.
எதை எதிலிருந்து கழிப்பது?
வாழ்நாள் முழுக்கக் கழித்தவளுக்கு
உள்ளங்கை வேர்த்தது.

ஜி.பி.ஓ. சிக்னலில் எல்லாம் நின்றுவிட்டது.
இரும்புக்கம்பி ஏற்றிய கைவண்டி
குறுக்கே கிடந்தது, எல்லோரும் அதற்கு யோசனை சொன்னார்கள்.
ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில்
பெரிய வெள்ளைப் பேருந்து.
கண்ணாடிக்குள்ளே மனோகரன்.
முதலில் என்னை யாரோ என்றுதான் பார்த்தார்.
பிறகு கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
நான் கொய்யாவைக் காட்டினேன்.
அவர் வாய் அசைந்தது. கண்ணாடி திறக்கிற வகை இல்லை.
'ஏறிக்கோ' என்று சொல்லியிருக்கலாம்,
'சொன்னேனே' என்றும் சொல்லியிருக்கலாம்.

"இங்க எறங்கி நடங்கம்மா, கால்மணி நேரம்"
என்றார் எசக்கியப்பன்.
"பஸ்ஸுக்காரங்கதான் எறங்க முடியாது."

நடந்தேன். ஓடினேன் என்பதே சரி,
ஐம்பத்தொன்பது வயதில் அதற்கு வேறு பெயர் இருக்கும்.

ஏறுபாலத்தின் அடியில் வெள்ளைச் சீருடைப் பையன்
வாக்கிடாக்கியில் எண்ணிக்கொண்டிருந்தான்:
இன்னும் நாற்பத்திரண்டு பேர், ஒரு பேருந்து.
கப்பல் கிளம்பவில்லை. புகைபோக்கி மட்டும் முனகியது.
மேலே வரச் சொன்னான்.
என் ஆள் பேருந்தில் என்றேன்.
அவருக்காகக் கப்பல் காத்திருந்த காத்திருப்பில்
ஓரமாக நானும் நின்றுகொண்டேன்,
டிக்கெட் இல்லாமல்.

இறங்கி வந்தார், வில்லை ஒரு பக்கம் உரிந்திருந்தது.
"பூநாரை?"
"கடல் ஏறிடுச்சு. உங்களுக்கு?"
"துணி துவைக்கிறதப் பாத்தேன், பாலத்துமேல நின்னு.
சாப்பாட்டுல உப்பே இல்ல."

கடைசித் துண்டுக் கொய்யாவை எடுத்தார்.
மிளகாய்த்தூள் பதினான்கின்மேல் உதிர்ந்தது,
தட்டிவிடவில்லை.
நாளை மறுநாள் கொச்சி.
அங்கே எப்படி என்று
இருவருமே கேட்டுக்கொள்ளாமல்
படியேறினோம்.